அம்மாமார் வார்ட்டில் ஒரு அப்பா

என் மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது அவள் முகம் உப்ப ஆரம்பித்தது. அதை நோய் என்று நான் நினைக்கவில்லை; என் கைராசி என்று நினைத்தேன். மனைவிக்கு இரண்டாவது குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஆபரேஷன் செய்த வயிற்றோடு அவள் படுத்திருந்ததால், மூத்தவளுக்குச் சோறு ஊட்டுவதும் குளிப்பாட்டுவதும் என் பொறுப்பாகிவிட்டன. என் கையால் ஊட்டிய சோற்றில்தான் பிள்ளை கொழுகொழுவென்று ஆகிறாள் என்று எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பழைய செருப்பு அவள் காலில் ஏறவில்லை என்றதும், புளத்கொகுபிட்டிய டவுனுக்குப் போய் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வந்து, அதையும் நாலு பேருக்குக் காட்டினேன்.

மனைவிக்கு மட்டும் சந்தோஷமில்லை.

"ஏங்க, காலையில எந்திரிக்கிறப்ப புள்ளைக்குக் கண்ணே தெறக்க முடியல. பாத்தீங்களா?"

"தூக்கக் கலக்கம்."

"இது சதை இல்லீங்க. வீக்கம்."

"நீ ஊட்டுன காலத்துல குச்சி மாதிரி இருந்தா. நான் ஊட்டித் தேறிட்டாங்குற பொறாமை ஒனக்கு."

இந்த வாக்கியத்தை என் மனைவி இன்றுவரை மறக்கவில்லை. உப்புப் போதாது என்று குழம்பைக் குறை சொன்னால்கூட, "ஆமா, எனக்குப் பொறாமை" என்று பதில் வரும்.

மறுநாள் பாவாடை நாடாவை அவிழ்த்தபோது, இடுப்பைச் சுற்றி நாடா பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மருந்து கொடுக்கும் ஐயா பிள்ளையின் முழங்காலுக்குக் கீழே பெருவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகு அந்த இடம் பிசைந்த மாவில் குத்தியது போல் குழிந்தே கிடந்தது. மகளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. "ஐயா, இந்தக் காலுலயும் ஒண்ணு போடுங்க" என்று மற்றக் காலை நீட்டினாள். அவர் சிரிக்காமல் துண்டு எழுதிக் கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போகச் சொன்னார்.

சிறுவர் வார்ட்டின் வாசலில் ஒரு மிஸ் எங்களை நிறுத்தினார். எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதியை மிஸ் என்றுதான் சொல்வோம். ஐம்பது வயதிருக்கும், சிங்களவர், மூக்கின் நுனியில் கண்ணாடி. என்னைப் பார்த்தார், என் பின்னால் பார்த்தார், பிறகு தமிழில் கேட்டார்.

"அம்மா எங்க?"

நான் சிங்களத்தில் விவரம் சொன்னேன். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் அவரும் விடுவதாக இல்லை. பாதித் தமிழை வைத்துக்கொண்டு தமிழிலேயே தொடர்ந்தார்.

"இது அம்மா வார்ட். பகல் அப்பா இருந்தா, மத்த அம்மா எல்லாம் எப்படி புள்ளக்கி பால் குடுக்கிறது?"

கடைசியில் ஓர் ஏற்பாடு செய்தார். பகலில் நான், இரவில் என் அக்கா. என் மகளுக்கு ஜன்னலோரக் கட்டில். நான் கதிரையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு, வெளியே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். "தாத்தா முகம் அந்தப் பக்கம்" என்று விரலால் காட்டினார். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. எனக்கு அது பழக்கம். என் மகளுக்குப் பொறுக்கவில்லை.

"இது தாத்தா இல்ல மிஸ். எங்க அப்பா. முடி மட்டுந்தான் நரைச்சிருக்கு."

வார்ட் முழுக்கச் சிரித்தது. அங்கே இருந்த பதினேழு நாளும் அந்த வார்ட்டுக்கு நான் தாத்தாதான். தமிழ் அம்மாமாரும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள், அவர்கள் என்ன அர்த்தத்தில் கூப்பிட்டார்களோ.

நோயின் பெயர் நெப்ரொட்டிக் என்றார்கள். சிறுநீரகம் ஒரு சல்லடை மாதிரியாம். அதன் கண் பெரிதாகி, உடம்பில் நிற்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகிப் போகிறதாம். அதனால்தான் நீர் கோத்து உடம்பு வீங்குகிறது. மாத்திரை கொடுத்தால் அநேகப் பிள்ளைகளுக்குச் சரியாகும், ஆனால் நாளாகும், திரும்பியும் வரலாம் என்று டொக்டர் சொன்னார். நான் புதுச் செருப்பை ஒரு பையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

வேலைகளை மிஸ் வரிசையாகச் சொல்லித் தந்தார். குடிக்கிற தண்ணீரை அளந்து எழுத வேண்டும். போகிற சிறுநீரைக் கோடு போட்ட ஜாடியில் பிடித்து அளந்து எழுத வேண்டும். காலையில் நிறை பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குச் சிரமமில்லை. நான் தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிறவன். பால் வெட்டிக்கொண்டு வருகிறவர்களின் பாலை அளந்து எழுதுவதுதான் என் தொழில். சிரமம் வேறு இடத்தில் வந்தது. பிள்ளைக்குத் தலைவாரிச் சடை போட வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு முஸ்லிம் தங்கச்சி இருந்தார். டவுனில் அவர்களுக்குத் துணிக்கடை. மூச்சிழுப்பு வந்த கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சடை பின்னும் அழகை முதல் நாள் பொறுமையாகப் பார்த்தார். இரண்டாம் நாளும் பார்த்தார். மூன்றாம் நாள் கேட்டுவிட்டார்.

"அண்ணன், கோபிக்க வாணாம். இது சடையா, மாடு கட்டுற கயிறா?"

"கயிறுன்னா இன்னும் நல்லா வரும் தங்கச்சி. கயிறு ஆடாது."

"எங்கட வாப்பாமாருக்கு இந்தளவும் வராது" என்று அவர் ஆறுதலும் சொன்னார். எதிர்க் கட்டில் அம்மா எழுந்து வந்து பாதியை அவிழ்த்துத் திருத்திவிட்டுப் போனார். அப்புறம் தினமும் காலை ஏழு மணிக்கு, எல்லா அம்மாமாரும் தங்கள் வேலையை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்காருவார்கள். ஜன்னலைப் பார்த்து உட்கார வேண்டியவன் நான், பார்க்கப்பட்டவனும் நான்தான்.

உப்புத்தான் பெரிய சண்டை. அவளுக்கு உப்பில்லாச் சாப்பாடு. வார்ட்டில் தரும் சோறும் பருப்பும் பூசணியும் வெறும் வெந்நீர் போல் இருக்கும். நாலாம் நாள் மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டு, சத்தம் போடாமல் அழுதாள். சத்தம் போட்டு அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே கென்டீனுக்குப் போய் ஒரு பருப்பு வடை வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மிஸ் மருந்து எடுக்க உள்ளே போன நேரம் பார்த்துக் கொடுத்தேன். ஒரு துணுக்கும் கீழே விழாமல் தின்றாள். அதன் பிறகு தாகம் எடுத்தது. அளவுத் தண்ணீரைத் தாண்டி இரண்டு கோப்பை குடித்தாள். அதை நான் அளவு எழுதும் கொப்பியில் எழுதவில்லை. என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பொய்க் கணக்கு அது.

மறுநாள் காலை நிறை ஏறியிருந்தது. மிஸ் கொப்பியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். சின்னப் பிள்ளைகள் எல்லோரும் அவருக்குப் பபாதான்.

"பபா, நேத்து என்ன சாப்பிட்டது?"

என் மகள் என்னைக் காப்பாற்றுவதாக முடிவு செய்தாள். "சோறு மட்டுந்தான் மிஸ். அப்பா வடை வாங்கித் தரவே இல்ல."

பக்கத்துக் கட்டில் தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குழந்தையின் மேல் குனிந்தார். மிஸ்ஸின் கண் என் சட்டைப் பைக்கு வந்தது. அங்கே வடை அளவுக்கு ஓர் எண்ணெய் வட்டம் தெளிவாக இருந்தது. இருக்கிற இரண்டு சட்டையில் ஒன்று அது. மறுபடியும் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தபோது இரண்டு தட்டு எடுத்தார். ஒன்றை மகள் முன்னாலும் மற்றதை என் முன்னாலும் வைத்தார்.

"இன்னிக்கி இருந்து தாத்தாவுக்கும் லுணு இல்ல, உப்பு இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா சாப்பிடுங்க. பபா, தாத்தா முழுக்கச் சாப்பிட்டாரான்னு நீ பாத்து எனக்குச் சொல்லணும்."

அதுவரை சாப்பாட்டைத் தள்ளிக்கொண்டிருந்தவளுக்குப் புது உத்தியோகம் கிடைத்தது. ஒவ்வொரு கவளத்துக்கும் என் வாயைப் பார்த்தாள். "மென்னு முழுங்குங்க அப்பா. பூசணியை ஒதுக்காதீங்க." எனக்குக் காவல் இருந்துகொண்டே தன் தட்டையும் காலி பண்ணினாள். மிச்சமிருந்த பன்னிரண்டு நாளும் நான் மத்தியானம் உப்பில்லாமல்தான் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனதும் அக்கா வைத்த ரசம் எனக்குக் கடல் தண்ணீராகக் கரித்தது.

அந்த வாரத்தில்தான் சிறுநீர் பார்க்கும் வித்தையை மிஸ் கற்றுக்கொடுத்தார். வீட்டுக்குப் போன பிறகும் தினமும் காலையில் நாங்களே பார்க்க வேண்டுமாம். கண்ணாடிக் குழாயில் சிறுநீரை எடுத்து, மேல்பக்கத்தை விளக்கில் காட்டிச் சூடாக்கி, இரண்டு மூன்று சொட்டு ஆசிட் விட வேண்டும். தெளிவாக நின்றால் நல்லது. புரதம் இருந்தால் வெள்ளையாகக் கட்டும். வெள்ளை கனக்கக் கனக்க ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று கொப்பியில் எழுத வேண்டும்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "மிஸ், இது நம்ம வேலைதான்! ரப்பர் பாலுக்கு ஆசிட் ஊத்தி உறைய வைக்கிறோமே, அதேதான். இருபது வருஷமா செய்றேன்."

"அப்படியா? அப்ப தாத்தா செய்யுங்க. நாங்க பாக்கிறோம்."

அம்மாமாரும் பார்த்தார்கள். நான் குழாயை நிறைய ஊற்றி, அடிப்பக்கத்தை விளக்கின் மேல் பிடித்து, ரப்பர் பாலின் குணங்களை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். குழாய் ஒரு விக்கல் விக்கியது. அடுத்த நொடி உள்ளே இருந்தது அத்தனையும் பாய்ந்து என் சட்டையில் விழுந்தது. வடை எண்ணெய் படாத சட்டை.

"அனே தெய்யனே!" என்று சிங்களத்தில் கடவுளைக் கூப்பிட்டபடி மிஸ் ஓடி வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தார். சுடவில்லை என்று தெரிந்த பிறகுதான் சிரித்தார். சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. என் மகள் நியாயமான ஒரு கேள்வி கேட்டாள்: "என் மூத்திரத்தை ஏன் அப்பா மேல ஊத்திக்கிட்டீங்க?"

மூன்று நாளில் எனக்குக் கை பழகிவிட்டது. குழாய்க்குள் வெள்ளை மட்டும் குறையவில்லை. தினமும் மூன்று பிளஸ். ஸ்டோரில் பால் நன்றாகக் கட்டினால் சந்தோஷப்படுகிறவன், இங்கே கட்டாதே, கட்டாதே என்று குழாயைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் நான் போனபோது, அக்கா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். மகளுக்குக் காய்ச்சல். வயிறு வலிக்கிறது என்று காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள். நீட்டச் சொன்னால் கத்தினாள். மிஸ் வந்தார். வயிற்றில் மெதுவாகக் கை வைத்தார். அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். அன்று அவர் என்னைத் தாத்தா என்று கூப்பிடவில்லை. தமிழும் பேசவில்லை. டொக்டரைக் கூப்பிட்டு வேகமான சிங்களத்தில் என்னவோ சொன்னார். சின்ன வயதிலிருந்து தெரிந்த பாஷையில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

வயிற்றில் கோத்திருந்த நீரில் கிருமி சேர்ந்துவிட்டது என்றார் டொக்டர். ஊசி மருந்து உடனே ஏற்ற வேண்டும். வீங்கிய கையில் நரம்பு அகப்படவில்லை. ஒருவர் குத்திப் பார்த்தார், இன்னொருவர் குத்திப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்துக் கத்தினாள், "வேணாம்னு சொல்லுங்கப்பா, நீங்க சொல்லுங்க" என்று. மிஸ் என் பக்கம் திரும்பினார்.

"தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது வெளியே போய் நில்லுங்கள். இரண்டில் ஒன்று. நடுவில் நிற்க வேண்டாம்" என்றார் சிங்களத்தில்.

தலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் தரையில் மண்டியிட்டு, மகளின் பாதத்தைத் தன் மடியில் வைத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விரலால் தடவித் தடவித் தேடினார். நாலு தடவை தடவியிருப்பார். ஒரே குத்தில் கிடைத்தது. அவர் எழுந்தபோது வெள்ளைச் சீருடையின் முழங்கால் கறுத்திருந்தது.

அன்று மத்தியானம் மனைவி வீட்டிலிருந்து போன் எடுத்தாள். பிள்ளை தூங்குகிறாள், எல்லாம் நல்லது என்றேன்.

"ஒங்க கொரல் நல்லா இல்லியே."

"உப்பில்லாம சாப்பிடுறேன்ல."

நம்பவில்லை. மறுநாள் காலை ஆட்டோ பிடித்து, தையல் போட்ட வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கைக்குழந்தையை வார்ட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அக்கா அதை வைத்துக்கொண்டு வெளியே ஆட்டோவில் இருந்தாள். மனைவி நேராகக் கட்டிலுக்குப் போனாள். மயக்கத்தில் கிடந்த மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து, நான் போட்ட சடையை அவிழ்த்தாள்; விரலாலேயே சிக்கெடுத்து, தலை அசையாமல் இறுக்கமாக இரண்டு சடை பின்னினாள். மிஸ் தன் கதிரையைத் தூக்கிவந்து அவளுக்குப் போட்டார். போகும்போது மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எங்களைப்போலச் சிங்களம் வராது. வரும் சொற்களும் அன்றைக்கு வரவில்லை போலும்.

மகள் இரண்டு நாள் அப்படிக் கிடந்தாள். மூன்றாம் நாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. ஊசி மருந்து கொண்டுவந்த மிஸ், மகளின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அவள் கத்தவில்லை, "பசிக்குது" என்றாள். மிஸ் நிமிர்ந்து, அவள் சடையைக் கையில் எடுத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலாக என்னையும் பார்த்தார்.

"இது தாத்தா போட்டது இல்ல. இது ரொம்ப நேரா இருக்கு."

நான் எழுந்து வெளியே நடந்தேன். வார்ட்டின் பின்புறம் துணி கழுவுகிற தண்ணீர்க் குழாய் இருந்தது. அதைத் திறந்துவிட்டு, அதன் சத்தத்தில் கொஞ்ச நேரம் அழுதேன். கேலி செய்கிறார் என்றால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. டொக்டர் பிறகு வந்து அதையேதான் நீளமாகச் சொன்னார்.

பதினைந்தாம் நாள் காலையில் கண்ணாடிக் குழாயில் வெள்ளை கட்டவில்லை. ஆசிட் விட்டேன், பச்சைத் தண்ணீராக நின்றது. நான் நம்பவில்லை. இன்னொரு தடவை செய்தேன். விளக்குச் சரியில்லையோ என்று மூன்றாம் தடவை செய்தேன். பிறகு ஜாடியோடு மகளிடம் போனேன்.

"இன்னும் கொஞ்சம் போம்மா."

"வரலப்பா."

"முயற்சி பண்ணு."

"தாத்தா!" என்று மிஸ் கூப்பிட்டார். "புள்ளய விடுங்க. நாளைக்கும் வரும்."

நாளைக்கும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. மூன்று நாளும் தெளிவு. வீக்கம் வடிந்து, மகள் நான் பெருமைப்படாத பழைய அளவுக்குத் திரும்பியிருந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். துணிக்கடைத் தங்கச்சி அதற்கு முன்பே குழந்தையோடு போய்விட்டிருந்தார். போகும்போது மகளுக்கு ஒரு சோடி ரிப்பன் கொடுத்து, "வாப்பாவ கட்ட விடாத, உம்மாட்டக் குடு" என்று காதில் சொன்னாராம்.

வீட்டில் என் வித்தையைக் காட்டத் துடித்தேன். முதல் நாள் மனைவி பக்கத்தில் நின்று பார்த்தாள். இரண்டாம் நாள் குழாயை வாங்கிக்கொண்டாள். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு விளக்குப் பற்றவைக்கும் வேலை மட்டும். மாத்திரை பசியைக் கிளப்பிவிட்டதால், மகள் விடியற்காலையிலேயே எழுந்து ரொட்டி கேட்டாள். கன்னம் மறுபடியும் உருண்டது. அது மாத்திரையால் வருவது, குறைக்கக் குறைக்க வற்றும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். "என்ன, திரும்பவும் நீங்கதான் ஊட்டுறீங்களோ?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டில் கேட்டார்கள். நான் விளக்கைத் துடைக்க உள்ளே போய்விட்டேன்.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில் குழாய் கலங்கியது. "ரெண்டு பிளஸ்" என்றாள் மனைவி. நான் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, சும்மா ஒரு மங்கல்தான் என்றேன். அடுத்த நாள் அவள் மூன்று பிளஸ் என்றாள். நான் ஒன்று என்றேன். மூன்றாம் நாள் என்னிடம் கேட்காமலே பிள்ளையைச் சட்டை மாற்றிக் கிளம்பிவிட்டாள். அவள் சொன்னதுதான் சரி. வீக்கம் வரும் முன்பே கொண்டுபோனதால் வார்ட்டில் தங்க வேண்டியிருக்கவில்லை. மாத்திரையைக் கூட்டித் தந்து அனுப்பினார்கள். திரும்பி வரும் வழியில் அவள் பொறாமையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

இப்போது மகளுக்கு எட்டு வயது. மாத்திரை நிறுத்தி ஒரு வருஷமாகப் போகிறது. கிளினிக்குக்கு மட்டும் போய் வருகிறோம். போன தடவை அங்கே டொக்டர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவளே சிங்களத்தில் பதில் சொன்னாள்; மாத்திரையின் பெயரை நான் தப்பாகச் சொன்னபோது திருத்தியும் விட்டாள். வெளியே வரும்போது நடைபாதையில் அந்த மிஸ் எதிரே வந்தார். இந்த வருஷம் ஓய்வு பெறுகிறாராம். மகளை மேலும் கீழும் பார்த்து, தாடையைப் பிடித்து, "பெரிய ஆளாகி என்ன வேலை செய்யப் போறது?" என்று கேட்டார். நான் பதிலை மனத்துக்குள் தயாராக வைத்திருந்தேன். மிஸ்ஸும் எதிர்பார்த்திருப்பார்.

"பஸ் கண்டக்டர்" என்றாள் மகள்.

மிஸ் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. ஏறியதும் மகள் முன் வாசலுக்குப் பக்கத்துச் சீட்டைப் பிடித்து, மடித்த நோட்டுகளை விரலிடுக்கில் செருகி வைத்திருந்த கண்டக்டரின் கையை, நாங்கள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.